சத்திரசிகிச்சையின் பின் தடிப்பு: நாட்களை எண்ணிப் பார்ப்போம்

சத்திரசிகிச்சை முடிந்து வீடு வந்த பிள்ளையின் உடம்பில் தடிப்புக் கண்டால், எம்மவர் சிலர் "அம்மை" என்று வேப்பிலை தேடுவர். வேறு சிலர் "ஊசி ஒத்துக்கொள்ளவில்லை" என்று அடுத்த தடுப்பூசியையே நிறுத்திவிடுவர். இரண்டும் ஆராயாமல் எடுக்கும் முடிவுகள். முதலில் நாட்களை எண்ணுவோம்.

1. பிளாஸ்டர் ஒட்டிய இடம் மட்டும் சிவந்து அரித்தால், அது பெரும்பாலும் பிளாஸ்டரின் ஒவ்வாமை.

2. மருந்து கொடுத்து ஒரு மணி நேரத்துக்குள் உடலெங்கும் தடித்தால், மருந்து ஒவ்வாமை எனச் சந்தேகிக்க வேண்டும். சில மருந்துத் தடிப்புகள் ஒரு வாரம் கழித்தும் தோன்றும்.

3. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசி எம் நாட்டில் 9 மாதத்திலும் 3 வயதிலும் போடப்படுகிறது. போட்டு 7 முதல் 12 நாட்களில் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் இலேசான தடிப்பும் வரலாம். சில நாட்களில் மறைந்துவிடும்.

4. சின்னமுத்து தொற்றி ஏறக்குறைய 14 நாட்களில் தடிப்பு வரும்; கொப்புளிப்பானுக்கு 10 முதல் 21 நாட்கள். ஆகவே, சத்திரசிகிச்சைக்கு முன்னரே, பலர் நெருங்கித் தங்கிய இடத்தில் கிருமி தொற்றியிருக்கலாம். கத்தி பட்டதால் வந்ததல்ல.

தடுப்பூசியை நிறுத்துவதன் விலை பெரிது. 1999-2000இல் இலங்கையில் சின்னமுத்து பெருமளவில் பரவியது. 2019இல் அது ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் உறுதிப்படுத்தியது. 2023இல் மீண்டும் பரவியது.

நாம் செய்ய வேண்டியவை:

• சத்திரசிகிச்சைக்கு முன், அண்மையில் போட்ட தடுப்பூசி, வந்த காய்ச்சல், அம்மை கண்டவரோடு பழகியது ஆகியவற்றை வைத்தியரிடம் கூறுங்கள். அவசரமில்லாத சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுவதா என அவர் முடிவு செய்வார்.

• இடம்பெயரும்போது பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தை அடையாள அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். தொலைந்திருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

• தடிப்புக் கண்டால் மருந்து உறைகளையும் எடுத்துச் சென்று வைத்தியரிடம் காட்டுங்கள்.

• உதடு, முகம் வீங்குதல், மூச்சுத் திணறல், மயக்கம், தோல் உரிதல், வாய்ப்புண், காயத்தில் சீழ் ஆகியவை ஆபத்தான அறிகுறிகள். பட்டிப்பொலயில் காலை ரயிலுக்காகக் காத்திராதீர்கள். 1990 அம்புலன்ஸை அழைத்து உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கலந்துரையாட:
1. எமது பிள்ளைகளில் யாருக்கு எந்தத் தடுப்பூசி தவறியிருக்கிறது?
2. இரவில் ஒருவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல எம்மிடம் என்ன ஏற்பாடு உண்டு?