நான்கு டெராபைட் வீட்டு வீடியோவை எங்கே வைப்பது?

ஹார்ட் டிஸ்க் சாகும்போது ஒரு சத்தம் வரும். ‘டிக்’. சற்று இடைவெளி. மறுபடி ‘டிக்’. உள்ளே இருக்கும் முனை தான் படிக்க வேண்டிய இடத்தைத் தேடித் தேடித் தோற்கும் சத்தம் அது. தங்கையின் கல்யாணம், அப்பாவின் அறுபதாம் கல்யாணம், பாட்டி மாவு ஆட்டிக்கொண்டே பேசிய இருபது நிமிடம் எல்லாம் இருந்த டிஸ்க்கிலிருந்து ஓர் இரவு அந்தச் சத்தம் வந்தது. வேறு காப்பி இல்லை. மூல கேசட்டுகளில் அதற்கு முன்பே பூஞ்சை பிடித்திருந்தது. மீட்டுத் தருகிறவர்களிடம் கொடுத்ததில் பாதிக்குமேல் திரும்பி வந்தது. அதற்கான செலவில் இரண்டு புது டிஸ்க் வாங்கியிருக்கலாம். பாட்டியின் குரல் வரவில்லை.

அதன் பிறகு பேக்கப் வழிகள் ஒவ்வொன்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாதாரணக் குடும்பம் ஒன்று தாங்கக்கூடிய செலவில் எது சரிவரும் என்பதே கேள்வி.

முதலில் அளவு. மினி டிவி கேசட் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 13 ஜிபி. இன்றைய போனில் 4கே வீடியோ ஒரு நிமிடத்துக்கு 170 முதல் 400 எம்பி வரை பிடிக்கும். பத்து வருடப் பிறந்தநாள், கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழாவோடு சேர்த்து வைத்த சினிமாக்களும் இருந்தால் நான்கு டெராபைட் சுலபமாக வந்துவிடும். எதையும் வாங்குமுன் அதை இரண்டாகப் பிரியுங்கள்: திரும்பக் கிடைக்காதது ஒன்று, தேடினால் கிடைப்பது இன்னொன்று. சொந்த டிவிடியிலிருந்து ஏற்றிய படத்தை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். பாட்டியை மறுபடி படம் பிடிக்க முடியாது. என் நான்கு டெராபைட்டில் முதல் வகை 900 ஜிபிதான். செலவைக் குறைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கிளவுட். கூகுள் போட்டோஸ் அளவில்லாமல் இலவசமாகத் தந்த காலம் 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது இலவசம் 15 ஜிபி. இரண்டு டெராபைட்டுக்கு மாதம் 650 ரூபாய் என்று வைத்தால் ஐந்து வருடத்தில் 39,000 ரூபாய், அதுவும் பாதிச் சேகரிப்புக்கு மட்டும். பணத்தைவிட நேரம்தான் கஷ்டம். நொடிக்கு 40 மெகாபிட் அப்லோட் வேகம் இருந்தாலும் நான்கு டெராபைட் மேலேற ஒன்பது நாளுக்குமேல் இடைவிடாமல் ஓட வேண்டும். வீட்டு ஃபைபர் திட்டங்கள் பலவற்றில் மாதத்துக்கு 3,300 ஜிபிதான் வரம்பு. அதைத் தாண்டினால் வேகம் படுத்துவிடும்.

அமேசானின் ‘கிளேசியர் டீப் ஆர்க்கைவ்’ போன்ற குளிர்கிடங்குகள் வேறு வகை. அமெரிக்க மையங்களின் விலையில், ஒரு டெராபைட்டை வைத்திருக்க மாதம் ஒரு டாலர் அளவில்தான் ஆகும். ஆனால் கேட்டவுடன் கிடைக்காது, பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். இணையம் வழியே வெளியே இறக்க டெராபைட்டுக்குத் தொண்ணூறு டாலர் அளவுக்குத் தனிக் கட்டணம். வீடே போய்விட்டால் எடுக்க வேண்டிய கடைசிக் காப்பிக்கு அது பொருந்தும், அடிக்கடி எடுக்கிறவர்களுக்குப் பொருந்தாது.

அடுத்து, வீட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் நாஸ் பெட்டி. இரண்டு டிஸ்க் போட்டு, ஒன்றில் எழுதுவதை இன்னொன்றிலும் எழுதும் ரெய்டு அமைப்பு. ஒரு டிஸ்க் செத்தாலும் வீட்டு டிவியில் படம் நிற்காமல் ஓடும், அந்த வசதி உண்மையானது. பேக்கப் வாங்கிவிட்டோம் என்று நினைத்து இதை வாங்குகிறவர்களைப் பார்த்தால்தான் மனம் பதறுகிறது. தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அழியும். ரான்சம்வேர் புகுந்தால் இரண்டையும் பூட்டும். இடி மின்னலில் மின்னழுத்தம் எகிறினால் ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டும் ஒன்றாகப் போகலாம்.

டிவிடியில் எழுதினால் ஒன்றுக்கு 4.7 ஜிபி, நான்கு டெராபைட்டுக்கு 850 தட்டுக்கு மேல். 25 ஜிபி புளூரேயில் 160. மிக அருமையான 100 ஜிபியை மட்டும் எழுதி வைக்க இது நல்ல வழி, டிரைவ் கையில் இருந்தால். எல்டிஓ டேப்பை சினிமா நிறுவனங்களும் வங்கிகளும் நம்புகின்றன. நாடா மலிவு, டிரைவ் விலையோ வீட்டுக்கு எட்டாது. பழைய டிரைவ் வாங்கினாலும் கம்ப்யூட்டரில் தனி கார்டு போட வேண்டும். எஸ்எஸ்டி எடுத்துப் போய் வர நல்லது. ஆனால் மின்சாரமே கொடுக்காமல் வருடக்கணக்கில் பீரோவில் போட்டு வைக்க ஏற்றதல்ல. மின்னேற்றமாகப் பதிந்த தகவல் மெல்லக் கசியும்.

மிஞ்சுவது சாதாரண வெளி ஹார்ட் டிஸ்க். என் தேர்வு அதுதான், ஒன்றல்ல, இரண்டு. பேக்பிளேஸ் நிறுவனம் தன் சர்வர் மையங்களில் ஓடும் லட்சக்கணக்கான டிஸ்க்குகளின் கணக்கை வெளியிடுகிறது. வருடத்துக்கு நூற்றில் ஒன்றரை அளவில் பழுதாகின்றன. உங்களுடையது அந்த ஒன்றாக இருக்கலாம். ஆனால் வெவ்வேறு ஊரில் இருக்கும் இரண்டு டிஸ்க்கும் ஒரே வாரத்தில் சாவது மிக அரிது. ஒரே நாளில் ஒரே கடையில் ஜோடியாக வாங்காதீர்கள், ஒரே தயாரிப்புத் தொகுதியின் குறை இரண்டிலும் இருக்கக்கூடும். கையடக்கமான 2.5 அங்குல டிஸ்க்குக்கு அடாப்டர் வேண்டாம், பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம். 3.5 அங்குலம் கனமானது, அடாப்டர் வேண்டும். பெரிய கொள்ளளவில் டெராபைட் கணக்கில் பெரும்பாலும் அதுவே மலிவு. ஐந்து டெராபைட்டுக்குள் என்றால் சிறியது, மேலே போனால் பெரியது.

நம்ப முடியாத விலையில் வரும் ‘2 டெராபைட் பென்டிரைவ்’ பக்கம் போகவே வேண்டாம். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டி, நிரம்பிய பின் பழையதன்மேல் எழுதும் போலிகள் சந்தையில் இருக்கின்றன. எந்த டிஸ்க் வாங்கினாலும் எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துச் சோதித்துவிடுங்கள். விண்டோஸ், மேக் இரண்டும் வீட்டில் இருந்தால் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். நொடிக்கு 120 எம்பி வேகத்தில் நான்கு டெராபைட் நகர ஒன்பது மணி நேரத்துக்குமேல் ஆகும்; யூபிஎஸ் போட்டு இரவில் விட்டுவிடலாம். முடிந்ததும் கழற்றிவிடுங்கள். செருகியே கிடக்கும் பேக்கப்புக்குக் கம்ப்யூட்டரின் எல்லா ஆபத்தும் உண்டு.

எங்கே வைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளங்களுக்குள் தண்ணீர் புகுந்தபோது ஒரே பீரோவில் இருந்த இரண்டு காப்பிக்கும் ஒரே கதிதான். என் இரண்டாவது டிஸ்க் மதுரையில் தங்கை வீட்டில், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது புதிதாக எழுதியதைக் கொடுத்துவிட்டு அங்கிருப்பதை எடுத்து வருவேன். “அண்ணா, டப்பா கொண்டுவந்தியா?” என்றுதான் வாசலிலேயே கேட்பாள். மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்று புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 விதியும், திரும்பக் கிடைக்காத 900 ஜிபியிலும் மிக முக்கியமான 150 ஜிபிக்காவது நிறைவேறுகிறது, அதை மட்டும் கிளவுடிலும் ஏற்றியிருப்பதால்.

ஒரு வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்: எடுத்து ஓட்டிப் பாருங்கள். பெயர் பட்டியலில் தெரிந்தால் போதாது, வீடியோவின் நடுவில் நாற்பதாவது நிமிடத்துக்குத் தாவி ஓடுகிறதா என்று பாருங்கள். போன பொங்கலுக்குத் தங்கை வீட்டு டிவியில் அப்படி ஒன்றைப் போட்டேன். மாலை மாற்றும் இடம். ஐந்து நிமிடத்தில் நிறுத்தப் போனேன், அம்மா விடவில்லை. பந்தி முடியும்வரை உட்கார்ந்து பார்த்தாள். பிறகு டப்பாவின் மேல் மார்க்கர் பேனாவால் அன்றைய தேதியையும் ‘ஓட்டிப் பார்த்தது’ என்றும் எழுதிப் பீரோவில் வைத்தோம்.