விஆர் மாட்டினால் வயிற்றைப் புரட்டுகிறதா?

கேள்வி: வீட்டில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் விமானம் ஓட்டிப் பழகுகிறேன். நண்பரின் குவெஸ்ட் 3 விஆர் (மெய்நிகர் காட்சி) ஹெட்செட்டை இரவல் வாங்கிவந்து என் கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்தேன். நிஜமாகவே காக்பிட்டில் உட்கார்ந்தது போல இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்திலேயே தலை சுற்றி, வயிற்றைப் புரட்டியது. என் உடம்புக்கு இது ஒத்துவராதா? பைலட் பயிற்சியில் சேர ஆசை. அதற்கு இது உதவுமா?
- வாசகர், திருச்சி

பதில்: உடம்பின் மேல் பழி போடாதீர்கள். விமானம் சாய்வதைக் கண் பார்க்கிறது. உட்காதில் உள்ள சமநிலை உறுப்போ, நாற்காலியில் அசையாமல் இருப்பதாகச் சொல்கிறது. இந்தக் குழப்பத்தில்தான் குமட்டல் வருகிறது. படமும் திக்கித் திக்கி வந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் முதலில் கம்ப்யூட்டரைச் சந்தேகிப்பேன்.

குவெஸ்ட் 3-இல் ஒரு கண்ணுக்கு 2064×2208 புள்ளிகள். இரண்டு கண்ணுக்கும் சேர்த்தால் 4கே திரையையே மிஞ்சிவிடும். சாதாரணத் திரையில் நொடிக்கு 30 படம் வந்தாலே நிம்மதியாகப் பறக்கலாம். ஹெட்செட்டில் அது போதாது. தலையைத் திருப்பிய அந்தக் கணமே காட்சியும் திரும்ப வேண்டும். ஆகவே மேகம், நிழல், விமான நிலையக் கூட்டம் எல்லாவற்றையும் தாராளமாகக் குறையுங்கள். அழகு போனால் போகட்டும், படம் சீராக ஓட வேண்டும். செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தில், நெரிசல் இல்லாத ஓடுதளத்தில், நேராகப் பறப்பதிலிருந்து தொடங்குங்கள். விமானத்தை வெளியிலிருந்து காட்டும் கேமரா காட்சி வேண்டவே வேண்டாம். வியர்வையோ கொட்டாவியோ தலைகாட்டினால் உடனே கழற்றிவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால், ஹெட்செட்டைப் பார்த்தாலே குமட்டும் அளவுக்கு மனம் பழகிவிடும்.

பயிற்சிக்கு உதவுமா என்றால், வெளியே பார்த்துப் பறக்கும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல கருவி வீட்டில் கிடையாது. ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் வந்து, இறங்குவதற்காகத் திரும்பும் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோளுக்கு மேல் திரும்பி ஓடுபாதையைப் பார்க்க வேண்டும், கை விமானத்தைச் சாயாமல் பிடித்திருக்க வேண்டும். சாதாரணத் திரையில் பட்டனை அழுத்தித்தான் பார்வையைத் திருப்புகிறோம். கழுத்துக்கு அங்கே வேலையே இல்லை. இறங்கும் கடைசி நொடிகளில் தரை எவ்வளவு அருகில் வந்துவிட்டது என்பதும் ஹெட்செட்டில்தான் கண்ணுக்குப் பிடிபடும். ஸ்விட்சுகளை இயக்கும் வரிசையைப் பழகுவதற்கு மட்டும் திரையே மேல். ஹெட்செட் மாட்டினால் கையும் தெரியாது, கீபோர்டும் தெரியாது. முக்கியமானவற்றை ஜாய்ஸ்டிக் பட்டன்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு 2021-இல் ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டருக்கான விஆர் பயிற்சிக் கருவி ஒன்றுக்கு அங்கீகாரம் தந்தது. அசையும் மேடையும் உண்மையான கட்டுப்பாட்டுக் கருவிகளும் சேர்ந்த சாதனம் அது. உங்கள் வீட்டு ஹெட்செட் அப்படிப்பட்டதல்ல; அதனால் வீட்டில் பறக்கும் நேரத்தை லைசென்ஸ் கணக்கில் சேர்க்க முடியாது.

சொந்தமாக ஹெட்செட்டை இப்போதே வாங்கிவிடாதீர்கள். நண்பரின் ஹெட்செட்டை இன்னொரு முறை கேட்டு வாங்கி, கண் இடைவெளியை உங்களுக்கு ஏற்பத் திருகிச் சரிசெய்து, காட்சித்தரத்தைக் குறைத்துப் பறந்து பாருங்கள். அப்போதும் படம் திக்கினால், பணத்தை முதலில் கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள்.