வான்வழிப் பொதியும் மலையூர் வாழ்வும்

முன்னுரை

பழங்காநத்தத்தில் பொழுது புலரும் வேளையில் கடை வாயில்கள்தோறும் சரக்குகள் இறங்குகின்றன. அரிசி மூட்டையும் எண்ணெய்த் தகரமும் மருந்துப் பெட்டியும் சக்கரங்களின் மேலேறி வந்து சேர்ந்துவிடுவதால், அவற்றின் எடையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயின் மேற்கே தெரியும் மலைத்தொடரில் சக்கரம் செல்லாத ஊர்கள் உள்ளன. அங்கே ஒவ்வொரு படி அரிசிக்கும் ஒரு முதுகு வேண்டும். அது குதிரையின் முதுகாகவோ மனிதரின் முதுகாகவோ இருக்கும். அம்முதுகுகளின் சுமையை இறக்கவல்லது எனப் பேசப்படுவது மிகு சுமை தூக்கும் ஆளில்லா வானூர்தி. மக்கள் வழக்கில் இது ட்ரோன் எனப்படுகிறது. இக்கருவியால் ஆவது யாது, ஆகாதது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியத்தில் பொதியும் ஊர்தியும்

பொதி சுமத்தல் தமிழர்க்குப் புதிதன்று. உப்பு வணிகரான உமணரின் வண்டிச் சாத்துகளைச் சங்க நூல்கள் பலவிடத்தும் காட்டுகின்றன. இருபுறமும் எடை ஒத்திருக்குமாறு கட்டிய மிளகுப் பொதியைச் சுமந்து செல்லும் கழுதைகளைப் பெரும்பாணாற்றுப்படை பாடுகிறது. எடை ஒருபுறம் சாய்ந்தால் விலங்கு தடுமாறும் என்பதை அன்றைய வணிகர் அறிந்திருந்தனர். இன்றைய ட்ரோனுக்கும் முதல் விதி அதுவே.

இனி, பாகன் செலுத்தாத வானூர்தி ஒன்றைப் புறநானூற்றின் 27ஆம் பாடல் குறிப்பிடுகிறது. சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடியது அது. இதைக் காட்டி, ட்ரோனை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என மேடைகளில் முழங்குவாரும் உளர். நாம் அவ்வாறு கூறோம். அது நற்செயல் புரிந்தோர் விண்ணுலகு எய்தும் நம்பிக்கை பற்றியது. பொறியியல் பற்றியது அன்று. சுலைமான் நபி (அலை) அவர்களுக்குக் காற்று வசப்படுத்தப்பட்டதைத் திருக்குர்ஆன் கூறுகிறது. அதுவும் இறையருளைப் பற்றிய செய்தியே. அறிவியலை அறிவியலாகவும் இலக்கியத்தை இலக்கியமாகவும் கற்பதே இரண்டிற்கும் பெருமை.

எடையும் காற்றும்

பல சுழல்விசிறிகள் காற்றைக் கீழ்நோக்கித் தள்ள, அதன் எதிர்விசையால் ட்ரோன் மேலெழுகிறது. அதே விசிறிகளைக் கொண்டு மொத்த எடையை இரு மடங்காக்கினால், மிதப்பதற்கு வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 2.8 மடங்காகும். ஆதலின் சுமை கூடக் கூட மின்கலம் விரைவில் தீரும். செல்லும் தொலைவு குறுகும்.

உயரமும் ஒரு தடையாகும். கடல்மட்டத்தோடு ஒப்பிட, 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. 6,000 மீட்டரில் ஏறத்தாழப் பாதியாகிறது. சீன நிறுவனமான டிஜேஐயின் ஃப்ளைகார்ட் 30 என்னும் ட்ரோன் இரு மின்கலங்களுடன் 30 கிலோ சுமக்கவல்லது. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் எவரெஸ்ட் சிகரத்தின் அடிவார முகாமிலிருந்து ஏறத்தாழ 6,000 மீட்டர் உயரத்திலுள்ள முதல் முகாமுக்கு அது சோதிக்கப்பட்டபோது, தூக்கிய சுமை 15 கிலோ. ஆயினும் பயன் பெரிது. ஷெர்பாக்கள் உயிரைப் பணயம் வைத்துப் பனிப்பாறைகளைக் கடந்து ஆறு முதல் எட்டு மணி நேரம் நடக்கும் வழியை, அது 12 நிமிடங்களில் சென்று மீண்டது. மேலே உயிர்வளி உருளைகளைச் சேர்த்துவிட்டுக் கீழே குப்பைகளைக் கொணர்ந்தது.

நம் நாட்டு முயற்சிகள்

இந்தியாவில் 2021 ஆகஸ்டில் வெளியான ட்ரோன் விதிகள் 500 கிலோ வரையிலான ஆளில்லா வானூர்திகளைத் தம் எல்லைக்குள் கொணர்ந்தன. அவ்வாண்டு அக்டோபர் 4 அன்று, மணிப்பூரின் பிஷ்ணுபூர் மாவட்ட மருத்துவமனையிலிருந்து லோக்தக் ஏரியிலுள்ள கராங் தீவுக்கு ட்ரோன் வழியே தடுப்பூசி சென்றது. தரைவழி 26 கிலோமீட்டராக இருந்த அத்தொலைவு, வான்வழியில் 15 கிலோமீட்டராகச் சுருங்கியது. சென்றடைய 12 முதல் 15 நிமிடங்களே ஆயின.

தமிழகமும் இத்துறையில் பின்தங்கவில்லை. சென்னை எம்.ஐ.டி. வளாகத்து அண்ணா பல்கலைக்கழக மாணவரின் 'தக்‌ஷா' குழு, 2018இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. 2022இல் தமிழக அரசு ஆளில்லா வானூர்திகளுக்கெனத் தனிக் கழகத்தையே நிறுவியது.

மலைகள் மட்டுமே எட்டாத இடங்கள் என்பதன்று. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. திருவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் விரைவு வண்டியின் பயணியர் ஏறத்தாழ எண்ணூறு பேர் வெள்ளத்தின் நடுவே சிக்கினர். அப்பகுதிக்கு ஹெலிகாப்டர்களே உணவைக் கொணர்ந்தன. சமவெளியும் ஓரிரவில் தீவாகக்கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

தேயிலை சென்ற வழி

நம் மதுரைக்கு மேற்கே வான்வழிப் பொதிக்கு ஒரு நூற்றாண்டுக்கு முந்திய வரலாறே உண்டு. மூணாற்றில் விளைந்த தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷனை அடைந்தது. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியவாறு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் கீழிறங்கிக் கொட்டகுடியைச் சேர்ந்தது; பின்னர் வண்டியில் போடிநாயக்கனூருக்குச் சென்றது; முடிவில் கப்பலேறி இங்கிலாந்தை அடைந்தது. அந்த ரயிலை 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அழித்தது.

இங்கே நாம் சிந்திக்க வேண்டுவது ஒன்றுண்டு. தேயிலைப் பெட்டி வானில் சென்ற அதே மலைச்சரிவுகளில் மனிதர் காலால் நடந்தனர். கடல்கடந்த சந்தைக்குச் செல்லும் பொருளுக்கு வழி பிறந்தது. உள்ளூர் நோயாளிக்குப் பிறக்கவில்லை. இந்நூற்றாண்டின் தேர்தல்களிலும் தேனி மாவட்ட மலையூர்கள் சிலவற்றுக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரை மீதே ஏறிச் சென்றன. கொடைக்கானல் மலையின் வெள்ளகவி நெடுங்காலம் சாலையின்றிக் குதிரைப் பொதியையே நம்பி வாழ்ந்த ஊர். இத்தகைய ஊர்களில் நோயுற்றோரையும் கருவுற்ற பெண்டிரையும் டோலி கட்டித் தூக்கிவந்த காட்சிகளை நாளேடுகளில் பலமுறை கண்டுள்ளோம். வழி எவர்க்காக என்னும் வினாவை விடுத்துக் கருவியின் புதுமையை மட்டும் வியந்தால், தேயிலையின் வரலாறே மீண்டும் நிகழும்.

எதனை ஏற்றுவது?

ஒரு கணக்கைப் பார்ப்போம். நூறு குடும்பங்கள் உள்ள ஊருக்குக் குடும்பம் ஒன்றுக்கு 20 கிலோ அரிசி எனக் கொண்டால், திங்கள்தோறும் 2,000 கிலோ வேண்டும். ஒரு நடைக்கு 30 கிலோ எனின் 67 நடைகள் ஆகும். காற்று, மழை, மூடுபனி, மின்கலத்தை மீள நிரப்பும் நேரம் இவற்றையும் எண்ணினால், அரிசியை நாள்தோறும் வானில் ஏற்றுதல் எளிதன்று என்பது விளங்கும். பாம்புக்கடிக்கான நச்சுமுறி மருந்தோ பத்துக் குப்பியாயினும் சிறு பொட்டலமே. அரிசி ஒருநாள் தாமதித்தால் அண்டை வீட்டில் கடன் வாங்கலாம்; நச்சுமுறி மருந்து தாமதித்தால் வாங்குவதற்கு இடமில்லை.

எனவே எடையைக் காட்டிலும் அவசரத்தை முதலில் அளத்தல் வேண்டும். மருந்து, தடுப்பூசி, சோதனைக்குரிய குருதி ஆகியவை முதல் வரிசையில் நிற்பன. வெள்ளமும் மண்சரிவும் வழியை அறுத்த நாளில் உணவும் அவ்வரிசையில் சேரும். அந்நாளில் மிகு சுமை தூக்கும் ட்ரோனே துணை.

மேலும் மூன்று செய்திகள் மறக்கத்தக்கன அல்ல. முதலாவது, மருந்து சென்றால் போதாது. அதைச் செலுத்தத் தெரிந்த செவிலியரும் அங்கே இருத்தல் வேண்டும். இரண்டாவது, பொதியைச் சுமந்து பிழைக்கும் குதிரைக்காரரின் பிழைப்பு கெடாதிருத்தல் வேண்டும். மலையின் காற்றையும் வழியையும் அறிந்த அவர்தம் பிள்ளைகளுக்கே ட்ரோன் செலுத்தும் பயிற்சியை முதலில் அளிக்கலாம். மூன்றாவது, பொதி சுமக்கும் இந்த ட்ரோன் நோயாளியைக் கீழே கொணராது. அதற்குப் பாதை வேண்டும். ட்ரோன் வந்துவிட்டதே, இனிப் பாதை எதற்கு என எவரேனும் கூறுவாராயின், அக்கருவி மலை மக்களுக்கு நன்மையன்று.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், மிகு சுமை தூக்கும் ட்ரோன் எட்டாத ஊர்களுக்கு உற்ற துணையாகும் என்பதும், அது பாதைக்கும் மருத்துவ நிலையத்துக்கும் மாற்றாகாது என்பதும் தெளிவாகும். முன்னர்க் கூறிய புறநானூற்றுப் பாடல் வானூர்தியோடு முடிந்துவிடவில்லை. துயருற்று வந்தோரின் நிலை கண்டு இரங்கி அருளுமாறு அரசனை வேண்டியே அது நிறைவுறுகிறது. ஊர்தியை மட்டும் நினைவிற்கொண்டு அவ்வேண்டுகோளை மறப்பது அப்பாடலைப் பாதி கற்றதாகவே முடியும். பொறியியல் பயிலும் மாணவர் ஊர்தியைச் செய்யட்டும். தமிழ் பயிலும் மாணவர் அவ்வேண்டுகோளை நினைவூட்டட்டும். இரண்டும் சேர்ந்த நாளில் மலையூரின் டோலிகள் ஓய்வு பெறும்.