கண்டிய வீட்டுத்தோட்டமும் தன்னிறைவும்

உக்குவளைப் பகுதி வீட்டுத்தோட்டம் ஒன்றை மேலிருந்து கீழாக அவதானியுங்கள். உச்சியில் தென்னை, கமுகு, பலா. நடுவே சாதிக்காய், கராம்பு, கோப்பி, வாழை. நிலத்தில் இஞ்சி, மஞ்சள், வல்லாரை. இதுவே கண்டிய வீட்டுத்தோட்டம். இப்படைகளில் மோதி மழைத்துளியின் வேகம் குறைவதால் சாய்நிலத்தின் மண்ணரிப்புக் கட்டுப்படுகின்றது.

கிளிரிசிடியாவை மறவாதீர்கள். மிளகுக்கொடிக்கு அது தாங்குமரம். அதன் வேர்முடிச்சுகளில் நைதரசன் பதிக்கப்படுகின்றது. கத்தரித்த இலைகளைச் சற்று வாடவிட்டால் ஆடு, மாடு விரும்பித் தின்னும். அவற்றின் எரு மீண்டும் மிளகின் அடிக்குச் செல்லும்.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. 2021/22 பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. எருவையும் உதிர்ந்த இலைகளையும் நம்பிய தோட்டத்துக்கு அந்தப் பசளை தேவைப்படவில்லை. பலாவைச் சிங்கள மக்கள் 'சோற்று மரம்' என்பது வெறும் புகழ்ச்சியன்று.

ஆயினும் "எதையும் வாங்காமல் வாழ்வதே தன்னிறைவு" என எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள். வயலில்லாத வீட்டுக்கு அரிசியும், எல்லா வீட்டுக்கும் உப்பும் கடையிலிருந்தே வரும். அதற்குப் பணம் தருவது மிளகு. கோழித்தீன் முழுவதையும் வாங்குபவருக்கு, தீன் விலை ஏறினால் முட்டையில் நட்டமே.

பயிற்சி: மேற்கூறிய தோட்டத்தில் மாடு இல்லாதுபோனால் ஏற்படும் இரு மாற்றங்களைக் காரணத்துடன் எழுதுக.