இருமல் மருந்துக்கு அடங்காத இருமல்

பகலெல்லாம் ஓடியாடும் குழந்தை ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து இருமுகிறதா? ஓடினால் இருமல், சிரித்தால் இருமல், சளி பிடித்தால் வாரக்கணக்கில் இருமலா? குடும்பத்தில் யாருக்காவது இழுப்போ அலர்ஜியோ உண்டா? அப்படியானால் ஆஸ்துமாவாக இருக்கலாம். இழுப்புச் சத்தம் கேட்டால்தான் ஆஸ்துமா என்றில்லை.

நீங்களே முடிவு கட்டிவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய் இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உள்பக்கம் வீங்கியிருக்கும். தூசு, புகை, பனிக்காற்று பட்டதும் குழாய் சுருங்கும், இருமல் வரும். கடையில் வாங்கும் இருமல் மருந்து அந்த வீக்கத்தைக் குறைப்பதில்லை. எத்தனை பாட்டில் கொடுத்தாலும் இருமல் திரும்புவது இதனால்தான்.

"பம்ப் அடிச்சா பழக்கமாயிடாதுங்களா?"

ஆகாதுங்க! ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். 2 மில்லிகிராம் சால்புட்டமால் மாத்திரை ஒன்றில் உள்ள மருந்து, 100 மைக்ரோகிராம் இன்ஹேலரை 20 தடவை அழுத்தினால் வரும் அளவு. மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றுகிறது. இன்ஹேலர் மருந்து நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. அதனால் கொஞ்சமே போதும்.

பொதுவாக இன்ஹேலர் இரண்டு வகை. ஒன்று, மூச்சு முட்டும்போது குழாயை விரிப்பது. மற்றது, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு. தினமும் எடுக்கச் சொன்னால் இருமல் இல்லாத நாளிலும் எடுக்க வேண்டும். 'இருமல்தான் நின்னு போச்சே' என்று நாமாக நிறுத்தினால், அடுத்த சளியில் மறுபடி ஆரம்பமாகிவிடும். நெடுநாள் எடுக்கும் சில குழந்தைகளுக்கு உயரம் சுமார் 1 செ.மீ. குறையலாம். அடங்காத ஆஸ்துமாவோ உயிருக்கே ஆபத்து. அளவைக் குறைப்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

ஸ்பேசர் முக்கியம்

இன்ஹேலரைக் குலுக்கி ஸ்பேசரில் பொருத்துங்கள். ஒரே ஒரு தடவை அழுத்தி, குழந்தையை ஐந்தாறு முறை நிதானமாக மூச்சுவிடச் சொல்லுங்கள். நாலு வயதுக்குள் என்றால் முகமூடி மூக்கு, வாய் இரண்டையும் இடைவெளியில்லாமல் மூட வேண்டும். ஸ்டீராய்டு எடுத்ததும் வாய் கொப்பளிப்பது அவசியம்.

வீட்டுக்குள் பாருங்கள்

துடியலூரை ஒட்டிய தடாகம் வட்டாரத்தில் செங்கல் சூளைகளை மூடச் சொல்லி 2021-ல் உத்தரவு வந்தது. வெளிப்புகைக்கு அரசாங்கம் உத்தரவு போடலாம். வீட்டுப்புகைக்கு நாம்தான் போட வேண்டும். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள்களை விடுகிறது என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. சுருளுக்குப் பதில் வலை கட்டுங்கள். சாம்பிராணி, சிகரெட் புகை வேண்டாம். தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்கு!

மூச்சு இழுக்கையில் விலா எலும்புக்கு நடுவே குழி விழுகிறதா? முழு வாக்கியம் பேச முடியவில்லையா? உதடு நீலம் பாரிக்கிறதா? மூச்சை விரிக்கும் மருந்தை ஸ்பேசர் வழியே கொடுத்தபடியே 108-ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.