வட்டிக்கு வட்டியும் தொடர் பெருக்கமும்

அவிநாசி

அன்புள்ள அம்மிணிக்குப் பெரியப்பாவின் ஆசிகள்.

தொடர் பெருக்கம் என்பது, வரிசையாக உள்ள எண்களை ஒவ்வொன்றாகப் பெருக்கிக்கொண்டே சென்று, படிக்குப் படி கிடைக்கும் பலனைக் குறித்துவைப்பதாகும். அம்மிணி கல்லூரியில் பழகும் சைலேப், ஆக்டேவ் ஆகிய கணித மென்பொருள்களில், கடைசி விடையை மட்டும் தரும் 'ப்ராட்', எல்லாப் படிகளையும் ஒருசேரத் தரும் 'கம்ப்ராட்', கட்டளைகளைத் திரும்பத் திரும்ப இயக்கும் 'ஃபார்' சுற்று என மூன்று வழிகள் உண்டு. எதைத் தேர்வது என்பது அம்மிணியின் விருப்பமே. ஆயினும் முதல் வழியை மட்டும் நம்புவது தெரிந்தே கிணற்றில் விழுவதாகும்.

ஜான் வாலிஸ் 1656-இல் வெளியிட்டபடி, 4/3, 16/15, 36/35 எனச் செல்லும் பின்னங்களைப் பெருக்கிக்கொண்டே போனால், பலன் பையின் பாதியான 1.5708-ஐ மெல்ல நெருங்கும். பத்தாம் படியில் 1.5339 வரைதான் வந்திருக்கும். தொடக்க மதிப்பை 1 என வைத்து (0 என வைத்தால் எல்லாப் படிகளும் 0 ஆகிவிடும்), ஒவ்வொரு பின்னத்தையும் வகுத்தபின் பெருக்கினால் சுற்று தடையின்றி ஓடும். தொகுதிகளையும் பகுதிகளையும் தனித்தனியே பெருக்கிக் கடைசியில் வகுத்தாலோ, 85-ஆம் படிவரை சரியாக வரும் விடை 86-இல் 'எண் அல்ல' என்றாகிவிடும். இரட்டைத் துல்லிய எண் ஏறத்தாழ 1.8×10³⁰⁸ வரையே கொள்ளும் என்பதால், இரண்டு பெருக்கங்களும் முடிவிலியாகப் பதிவாகி, ஒன்றை மற்றொன்றால் வகுக்க இயலாமற் போகிறது. இறுதி விடையை மட்டும் கேட்டவருக்கு எந்தப் படியில் கெட்டது என்பது விளங்காது.

தாத்தா வாங்கிய கிணற்று மோட்டார்க் கடனிலும் நடந்தது இதுவே. நூற்றுக்கு மாதம் இரண்டு என்று பேசிய வட்டி, அசலோடு சேர்ந்து ஏறும்போது, மாதந்தோறும் 1.02-ஆல் பெருக்கும் தொடர் பெருக்கமாகிறது. 12-ஆம் மாதம் 1.27, 24-ஆம் மாதம் 1.61, 36-ஆம் மாதம் 2.04 என்று யாரேனும் ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தால் கீழ்த்தோட்டம் கைவிட்டுப் போயிருக்காது. தாத்தா விசாரித்ததோ கடைசித் தொகையை மட்டும். தோட்டம் போனதற்கு அம்மிணியின் அப்பா வேறு காரணம் சொல்வார், அது சரியன்று.

ஆகவே 'கம்ப்ராட்' பயன்படுத்துவதில் குற்றமில்லை. அதற்கு முன் சுற்றைக் கைப்பட எழுதி, படிகளை அச்சிட்டு, இரண்டும் ஒத்துவருகின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். போன பருவத்துச் செய்முறைத் தேர்வைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை.

அம்மிணியின் கெட்டிக்காரத்தனத்தில் பெரியப்பாவுக்கு எள்ளளவும் ஐயமில்லை. குடும்பத்தில் கணக்குக்கென்றே பிறந்தவள் என்று ஊரெல்லாம் சொல்லி வருபவரும் அவரே. சித்திரைத் தேருக்கு வரும்போது பெரியம்மா ஒப்புட்டு சுட்டு வைத்திருப்பார். கணக்குப் பேச்சை யாரும் எடுக்க மாட்டார்கள். வயிறாரச் சாப்பிட்டு, வேண்டுமட்டும் தூங்கினால் போதும்.