டேப்பை எங்கே பிடிப்பது? பைப்பிங் ஐசோவில் அளவு எழுத ஒரு வழிகாட்டி

கடியப்பட்டணம், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கத்திலிருந்து ஃபிட்டராகவும் வெல்டராகவும் வளைகுடாவுக்கும் ஜாம்நகருக்கும் போன பிள்ளைகள் நிறைய. இப்போது டிப்ளமோ முடித்து டிராயிங் ஆபீஸில் உட்காருபவர்களும் வருகிறார்கள். ஒருவர் வரைகிறார், இன்னொருவர் வெட்டுகிறார். இருவருக்கும் நடுவில் இருப்பது ஐசோ (ஐசோமெட்ரிக் வரைபடம்) என்ற ஒரே ஒரு தாள். அதில் கோடுகள் 30 பாகையில் சாய்ந்து போகும். ஆனால் எதுவும் ஸ்கேலுக்கு வரையப்பட்டதல்ல. 12 மீட்டர் பைப்பும் அரை மீட்டர் துண்டும் தாளில் ஒரே நீளமாகத் தெரியலாம். ஆகவே எழுதிய எண்தான் அளவு. அந்த எண்ணை எப்படி எழுதுவது என்பதில் பல வழிகள் உண்டு. எது சரி என்று முடிவு செய்ய ஒரே ஒரு கேள்வி போதும்: இதைப் பார்த்து ஃபிட்டர் டேப்பின் நுனியை எங்கே பிடிப்பார்?

முதல் தேர்வு, சென்டர் டு சென்டரா, வெட்டு நீளமா என்பது. எல்போ இருக்கும் இடத்தில் மையக்கோடுகள் சந்திக்கும் புள்ளி வரை அளவு கொடுப்பதே என் பரிந்துரை. ஃபிளாஞ்ச், வால்வு, நாசில் வந்தால் முகம் வரை கொடுக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: 6 அங்குல லைனில் ஃபிளாஞ்ச் முகத்திலிருந்து எல்போ மையம் வரை 2000 மி.மீ. லாங் ரேடியஸ் எல்போவின் மையத்திலிருந்து முகம் வரை 229. வெல்ட் நெக் ஃபிளாஞ்சின் நீளம் 89 என்று வைத்துக்கொள்வோம். ரூட் கேப் இரண்டு இடத்தில், தலா 3. எல்லாம் கழித்தால் 1676 மி.மீ. வெட்ட வேண்டிய பைப். இந்த 1676-ஐ ஏன் நேரடியாகவே எழுதக்கூடாது? ஸ்பூல் ஷாப்புக்குப் போகும் வெட்டுப் பட்டியலில் எழுதலாம், எழுதத்தான் வேண்டும். ஐசோவின் முகத்தில் மட்டும் வேண்டாம். ஃபிளாஞ்ச் வேறு கிளாஸுக்கு மாறினால் 1676 பொய்யாகிவிடும், 2000 மாறாது. கேஸ்கெட் தடிமனும் கணக்கில் தொலைந்துபோகக்கூடும். அளவு ஃபிளாஞ்ச் முகத்திலிருந்தா, எதிரே உள்ள நாசில் முகத்திலிருந்தா என்று அம்பு தெளிவாகக் காட்ட வேண்டும். இடையில் 3 மி.மீ. கேஸ்கெட் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தது, அளவுகளைச் சங்கிலியாகக் கோப்பதா, ஒரே நிலைப்புள்ளியிலிருந்து எல்லாவற்றையும் கொடுப்பதா. சங்கிலி முறையில் ஒவ்வொரு துண்டிலும் 2 மி.மீ. பிசகினால் ஐந்தாவது துண்டில் 10 மி.மீ. வரை சேரலாம். 10 அங்குலம் வரையிலான ஸ்பூலுக்குப் பி.எஃப்.ஐ. இ.எஸ்-3 விதி கொடுக்கும் சலுகையே ±3 மி.மீ.தான். நம் கடலில் பார் என்ற பாறைத்திட்டு எங்கே கிடக்கிறது என்று பார்க்கிறவர்கள், போன தடவை வலை போட்ட இடத்திலிருந்து அளந்து போவதில்லை. கரையில் நகராமல் நிற்கும் மலை உச்சியையும் கோயில் கோபுரத்தையும் வரிசை பிடித்துப் பார்க்கிறார்கள். தாங்கிகளுக்கும் கிளை பிரியும் இடத்துக்கும் அப்படியே: கட்டடத் தூணின் கிரிட் கோடு அல்லது இயந்திரத்தின் மையக்கோட்டிலிருந்து அளவு கொடுங்கள். ஒரு ஸ்பூலுக்குள்ளே மட்டும் சங்கிலி போதும், ஷாப்பில் வேலை வேகமாக நடக்கும். கூடவே மொத்த அளவையும் எழுதி, சங்கிலியில் ஒரு கண்ணியை அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுங்கள். அது சரிபார்க்க மட்டுமே என்று அர்த்தம்.

அதிகம் பேர் தடுமாறுவது உயரத்தில். மையக்கோட்டு உயரம் கொடுப்பதா, பைப்பின் அடிமட்டம் கொடுப்பதா? பைப் ரேக்கில் 4 அங்குலமும் 6 அங்குலமும் 10 அங்குலமும் ஒரே பீமின் மேல் உட்காரும். அங்கே அடிமட்டம்தான் உண்மையான அளவு. ஃபிட்டர் லெவல் பிடிப்பதும் அங்கேதான். பம்ப்பிலும் வெசலிலும் நாசில் மையம்தான் கொடுக்கப்பட்டிருக்கும், அங்கே மையக்கோடு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கணக்குக் காட்டுங்கள்: 6 அங்குலப் பைப்பின் வெளிவிட்டம் 168.3 மி.மீ., அதனால் அடிமட்டம் மையத்துக்கு 84 மி.மீ. கீழே. 6 அங்குலம் என்றவுடன் 152 என்று பெருக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெயரளவும் வெளிவிட்டமும் 14 அங்குலத்திலிருந்துதான் ஒன்றாகும்.

எக்ஸென்ட்ரிக் ரெட்யூசரில் இந்த உயரச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. 6-லிருந்து 4-க்குக் குறையும்போது மையக்கோடு 27 மி.மீ. விலகும். தட்டையான பக்கம் கீழே என்றால் மையம் இறங்கும், மேலே என்றால் ஏறும். ரேக்கில் அடிமட்டம் மாறாமலிருக்கத் தட்டை கீழே. பம்ப் சக்ஷனில் காற்று தங்காமலிருக்கப் பெரும்பாலும் தட்டை மேலே. அதை வார்த்தையில் எழுதாமல் குறியீட்டை மட்டும் நம்பினால், ரெட்யூசர் தலைகீழாக வெல்ட் ஆகி, 54 மி.மீ. தள்ளி நாசில் முன்னால் நிற்கும்.

பைப் ஒரே நேரத்தில் மேலும் பக்கவாட்டிலும் விலகும் ரோலிங் ஆஃப்செட்டில் என் தீர்ப்பு உறுதியானது: அதைச் சுற்றிய கற்பனைப் பெட்டியின் பக்கங்களை எழுதுங்கள், கோட்டுப் பட்டை (ஹாட்சிங்) போடுங்கள். மேலே 300, பக்கவாட்டில் 400 என்றால் ஆஃப்செட் 500. 45 பாகையில் பைப் போகும் தூரம் 707. இந்த 707-ஐ மட்டும் எழுதினால் பைப் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியாது. 300-ஐயும் 400-ஐயும் தூக்குக்குண்டும் லெவலும் கொண்டு சைட்டில் சரிபார்க்க முடியும்.

ஃபீல்டு வெல்டா, கூடுதல் நீளம் விட்ட ஃபீல்டு ஃபிட் வெல்டா? இரண்டாவதற்கு வழக்கமாக 100 முதல் 150 மி.மீ. அதிகம் விடுவார்கள். எல்லா இடத்திலும் விட்டால் ஷாப்பில் முடிய வேண்டிய வேலை சாரக்கட்டின் மேல் நடக்கும். ஓடிக்கொண்டிருக்கும் ஆலையின் டை-இன், இரண்டு நிலையான இயந்திரங்களுக்கு நடுவே வரும் கடைசித் துண்டு, இந்த இரண்டிலும் விட்டே ஆக வேண்டும். அங்கே விடாமல் செயின் பிளாக் போட்டு இழுத்து ஃபிளாஞ்சைச் சேர்ப்பது பைப்புக்கும் நாசிலுக்கும் கேடு. தீங்கான திரிபை உண்டாக்கும் அப்படிப்பட்ட வளைப்பை ஏ.எஸ்.எம்.இ. பி31.3 தடை செய்கிறது.

அலகைப் பொறுத்தவரை சண்டை வேண்டாம்: பைப் அளவு அங்குலத்தில், நீளம் மில்லிமீட்டரில். அமெரிக்க நிறுவனத்தின் வேலையில் மட்டும் அடி–அங்குலம். நீளத்துக்கான இந்த இரண்டு அலகுகளையும் ஒரே தாளில் கலக்காதீர்கள்.

ஐசோஜென் போன்ற மென்பொருளா, கையால் வரைவதா என்று கேட்பவர்களுக்கு: புதிய ஆலையின் ஆயிரக்கணக்கான ஐசோக்களுக்கு மென்பொருள்தான். மெட்டீரியல் பட்டியலும் வெல்ட் எண்ணும் தானாக வரும். ஆனால் அது எழுத்துகளை ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கி வைக்கும். அப்படிப்பட்ட லைனை இரண்டு தாளாகப் பிரிக்கத் தயங்காதீர்கள். ஷட்டவுனில் பழைய லைனை மாற்றும்போது ஐசோ தாளும் பென்சிலும்தான் வேகம். அதிலும் வடக்கு அம்பை முதலில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வரைந்து முடித்ததும் ஒன்று செய்யுங்கள். மாடலைக் காட்டாமல், பக்கத்தில் நின்று விளக்காமல், தாளை மட்டும் ஒரு ஃபிட்டரிடம் கொடுத்து ஒரே ஒரு துண்டின் வெட்டு நீளத்தைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். “டேப்ப எங்க பிடிக்க?” என்று அவர் கேட்டால் அந்தத் தாளை வெளியே விடாதீர்கள்.